உடலுக்கு உதிரிப் பாகம்: உழைப்பவனுக்கு எட்டுமா?

நாமக்கல் ஜில்லாவில் உதிரிப் பாகம் என்ற சொல்லுக்கு யாரும் அகராதியைப் புரட்டத் தேவையில்லை. லாரியின் அச்சு முறிந்தால் வேறு அச்சு. பம்பின் வால்வு தேய்ந்தால் வேறு வால்வு. தேய்ந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதைப் பூட்டி, அன்று மாலையே வண்டியை ரோட்டில் இறக்கிவிடுகிறோம். ஆனால் அந்த லாரியை ஓட்டுகிற தொழிலாளியின் தொடை எலும்பு முறிந்தால் என்ன ஆகிறது? அவன் மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது. அவன் மகன் பள்ளிக்கூடத்தை விட்டு கிளீனர் வேலைக்குப் போகிறான்.

மனித உடலுக்கும் உதிரிப் பாகம் செய்யும் விஞ்ஞானம் இன்று நன்றாகவே வளர்ந்து நிற்கிறது. மூன்று துறைகள் அதில் கை கோத்திருக்கின்றன. உடல் தள்ளிவிடாமல் ஏற்றுக்கொள்ளும் பொருளைக் கண்டுபிடிப்பது ஒன்று. எலும்பின் மீதும் இருதயத்தின் மீதும் விழும் பளுவையும் விசையையும் அளந்து, அதைத் தாங்கும்படி பொருளை அமைப்பது இரண்டாவது. உயிருள்ள செல்களையே வளர்த்துத் தோலாகவும் குருத்தெலும்பாகவும் ஆக்குவது மூன்றாவது. கடைசியில் சொன்னதைப் படித்தவர்கள் திசுப் பொறியியல் என்கிறார்கள்.

"இதெல்லாம் பெரிய டாக்டர்களின் சங்கதி, உழைப்பாளிகளின் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். நாம் திருப்பிக் கேட்கிறோம்: இந்த நாட்டில் எலும்பு முறிவது யாருக்கு? தோல் வெந்துபோவது யாருக்கு? பரமத்தி வேலூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். கொடிக்காலில் ஏணி மேல் நின்று வெற்றிலை கிள்ளுகிறவர், சோகை கீறும் கரும்புத் தோட்டத்தில் வெட்டுகிறவர், வெல்ல ஆலையில் கொதிக்கிற கொப்பரைக்கு முன்னால் நிற்கிறவர், திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடநாடு போகிற இளைஞர், காஷ்மீரம் முதல் குமரி வரை போகிற நெடுஞ்சாலையில் இரவெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கிறவர், பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர்: உடம்புதான் இவர்களுடைய ஒரே சொத்து. அந்தச் சொத்தைப் பழுது பார்க்கும் விஞ்ஞானம் யார் கையில் இருக்கிறது என்பது நம்முடைய பிரச்சினை இல்லையென்றால், வேறு எதுதான் நம்முடைய பிரச்சினை?

தோல் தரும் பாடம்

உடம்பில் பெரும்பகுதி வெந்துபோனவர் தீயால் மட்டும் சாவதில்லை. தோல் என்னும் வேலி போனதால் உடம்பின் நீர் வடிந்துவிடுகிறது. கிருமிகள் உள்ளே புகுந்துவிடுகின்றன. வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டலாம். ஆனால் எடுப்பதற்கே நல்ல தோல் மிச்சமில்லாதவருக்கு என்ன செய்வது?

1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீன், ஜேம்ஸ் ரைன்வால்ட் என்ற இரு விஞ்ஞானிகள், மனிதத் தோலின் செல்களை ஆராய்ச்சிக் கூடத்தில் வளர்த்துப் பெருக்க முடியும் என்று காட்டினார்கள். 1981இல் ஜான் பர்க் என்ற சர்ஜனும் அயோனிஸ் யானஸ் என்ற விஞ்ஞானியும் வேறு வழியில் போனார்கள். மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்தையும், சுறாமீனின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருளையும் சேர்த்துக் கடற்பஞ்சு போன்ற ஒரு படலம் செய்தார்கள். அதன் மேல் சிலிக்கோன் தகடு ஒன்றை மூடி, வெந்த இடத்தில் வைத்தார்கள். நோயாளியின் சொந்தச் செல்கள் அந்தப் படலத்துக்குள் ஊர்ந்து வந்து குடியேறின. படலம் மெல்லக் கரைந்தது. அந்த இடத்தில் புதிய அடித்தோல் உண்டாயிற்று.

நம் கொடிக்கால்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலில் அகத்தியை நட்டு, பிறகு அதன் மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றுகிறோம் அல்லவா? கொடி தானே நிற்கும் பலம் பெற்றவுடன் அகத்தி கரைந்து மண்ணோடு போய்விட்டால் எப்படியிருக்கும்? திசுப் பொறியியலின் பாதி ரகசியம் அதுதான்.

மாட்டுத் தோலின் பெருமையை நாட்டுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் தோல் பதனிடும் தொழிலாளிகள். நாற்றமடிக்கிற தொழில் என்று அவர்களை ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த சமுதாயம் இது. அவர்கள் கையாளும் அதே தோலிலிருந்து கொலாஜனைப் பிரித்து, தீக்காயத்தின் மேல் போடும் தகடாக்கும் ஆராய்ச்சியைச் சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் செய்திருக்கிறது. தீட்டு என்று தள்ளிய பொருள், தீயில் வெந்தவனுக்கு மருந்தாகிறது. விஞ்ஞானம் ஜாதி பார்ப்பதில்லை.

அதே போன்ற இன்னொரு செய்தி திருவனந்தபுரத்திலிருந்து வந்திருக்கிறது. அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான, தொழில்நுட்ப நிலையத்தில், பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை எல்லாம் நீக்கி, மிஞ்சும் சவ்வைக் காயத்தின் மேல் போடும் படலமாக்கியிருக்கிறார்கள். கசாப்புக் கடையில் எறிந்துவிடும் பொருள் அது. கோலிடெர்ம் என்று அதற்குப் பெயர். தீக்காயத்தையும் சர்க்கரை நோய்ப் புண்ணையும் போன்ற காயங்களை அது விரைவில் ஆற்றுவதை முதலில் மிருகங்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2023இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவின் அனுமதி கிடைத்தது. 10,000 ரூபாய் ஆகும் சிகிச்சைச் செலவு 2,000 ரூபாய்க்குக் குறையும் என்று அப்போது மத்திய சர்க்காரே அறிவித்தது. வரப்பில் செருப்பில்லாமல் நடந்து, காலில் ஆறாத புண்ணோடு அலையும் சர்க்கரை நோயாளிகள் நம் கிராமங்களில் எத்தனை பேர்! அவர்கள் காலுக்கு இந்தப் படலம் வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

விஞ்ஞானத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தோலையும் குருத்தெலும்பையும் போன்ற மெல்லிய திசுக்களை வளர்க்க முடிந்திருக்கிறது. ஒரு முழுச் சிறுநீரகத்தையோ ஈரலையோ செய்து மனிதனுக்குப் பொருத்த இன்னும் முடியவில்லை. காரணம் நம் பாசன விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். ஆற்றில் தண்ணீர் ஓடினால் மட்டும் போதாது. ராஜ வாய்க்கால் வேண்டும், அதிலிருந்து கிளை வாய்க்கால் வேண்டும், அதிலிருந்து ஒவ்வொரு பாத்திக்கும் மடை வேண்டும். உடம்பிலும் மயிரிழையிலும் மெல்லிய ரத்தக் குழாய்க்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு தூரத்துக்குள் இருக்கும் செல்தான் பிழைக்கும். அதற்கு அப்பால் இருப்பது காய்ந்த கடைமடைதான். கனமான உறுப்புக்குள் அத்தனை வாய்க்கால்களையும் வெட்டும் வித்தையை விஞ்ஞானிகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எலும்புக்கு வேலை தெரியும்

எலும்பைப் பலரும் உயிரில்லாத கல் என்று நினைக்கிறார்கள். 1892ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் டாக்டர் ஜூலியஸ் வோல்ஃப் இதை மறுத்தார். எலும்பு தன் மீது விழும் பளுவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக் கட்டிக்கொள்கிறது. பளு விழும் பக்கம் தடிக்கிறது. வேலையில்லாத பக்கம் மெலிகிறது. எனவேதான் முறிந்த எலும்பில் அளவுக்கு மிஞ்சிய விறைப்பான உலோகத் தகட்டைப் பூட்டினால், பளுவையெல்லாம் தகடே வாங்கிக்கொள்கிறது. உள்ளே எலும்பு மெலிந்துபோகிறது. எந்த உலோகம், எவ்வளவு விறைப்பு, எவ்வளவு காலம் என்று கணக்கிடுவதுதான் உடல் விசையியல். உழைப்பினால்தான் எலும்பு எலும்பாக இருக்கிறது என்பதைவிட உழைப்பின் மகிமைக்கு வேறு சான்று வேண்டுமா?

இந்த உண்மையை வைத்துப் பெரும் காரியம் செய்தவர் சோவியத் நாட்டு டாக்டர் கவ்ரீல் இலிசாரோவ். யுத்தம் முடிந்த காலத்தில், மேற்கு சைபீரியாவின் குர்கன் வட்டாரத்தில், கால் ஊனமான வீரர்களும் விவசாயிகளும் நிறைந்திருந்த இடத்தில் அவர் வேலை செய்தார். முறிந்த காலைச் சுற்றி வளையங்களைப் பொருத்தி, இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகளை எலும்பின் ஊடே செலுத்தினார். வளையங்களைத் திருகு போட்டு நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் விலக்கினால், இடைவெளியில் புதிய எலும்பே வளர்ந்து வருவதைக் கண்டார். ஆராய்ச்சிக் கூடம் இல்லை, அன்னிய அடி மூலம் இல்லை. இழுவிசை ஒன்றைக் கொண்டே நோயாளியின் சொந்த உடம்பில் திசுவை வளர்த்தார். குட்டைக் கால் நீண்டது. குணமாகாத முறிவு கூடியது.

மாஸ்கோவின் பெரிய டாக்டர்கள் அவரை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற வலேரி புரூமெல், அடுத்த ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை முறித்துக்கொண்டார். பல ஆபரேஷன்கள் செய்தும் கால் கூடவில்லை. 1968இல் அவர் குர்கனுக்குப் போனார், எழுந்து நடந்தார், மீண்டும் தாண்டவும் தாண்டினார். அதன் பிறகுதான் நாடு முழுவதும் இலிசாரோவின் பெயர் பரவியது. 1971இல் குர்கனில் அவருக்கெனத் தனி ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1981இல் இத்தாலி வழியாக இந்த முறை மேல்நாடுகளுக்குப் போயிற்று. தலைநகரத்துப் பட்டம் பதவிகளை விட, நோயாளியின் பக்கத்தில் நின்று பார்ப்பவனின் கண் கூர்மையானது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. ஜெய்ப்பூரில் டாக்டர் பி. கே. சேத்தியும், அதிகம் படிக்காத கைவினைஞரான ராம்சந்திர சர்மாவும் சேர்ந்து 1960களின் பிற்பகுதியில் செய்ததுதான் ஜெய்ப்பூர் கால். மேல்நாட்டுச் செயற்கைக் கால் நாற்காலியில் உட்காருபவனுக்கு, பூட்ஸ் போடுபவனுக்குச் செய்தது. நம் விவசாயிக்குக் குந்தி உட்கார வேண்டும். சம்மணம் போட வேண்டும். சேற்றில் வெறுங்காலோடு இறங்க வேண்டும். வரப்பில் நடக்க வேண்டும். ரப்பரையும் மரத்தையும் கொண்டு அதற்கு ஏற்ற காலை அவர்கள் செய்தார்கள். டாக்டர் சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. விசையை அளக்கும் விஞ்ஞானியிடம் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்து பிறக்கிறது: யாருடைய உடம்பை அளந்தாய்? ஆபீஸ் நாற்காலியில் இருப்பவனையா, கரும்புக் கட்டைத் தலையில் சுமப்பவளையா?

அரண்மனையில் பிறந்த வால்வு

கேரளத்தில் 1973இல் திருவாங்கூர் ராஜகுடும்பம் ஆஸ்பத்திரிக்கென ஒரு மாடிக் கட்டிடத்தை நன்கொடையாகத் தந்தது. அப்போது அங்கே முதலமைச்சராக இருந்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் சி. அச்சுத மேனன். அதை இன்னொரு சாதாரண ஆஸ்பத்திரியாக நடத்திவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், உயர் சிகிச்சையும் ஆராய்ச்சியும் சேர்ந்த ஸ்தாபனமாக அதை வளர்க்க அந்த சர்க்கார் முடிவு செய்தது. இளம் இருதய சர்ஜன் எம். எஸ். வலியத்தான் அதன் பொறுப்பை ஏற்றார். 1976இல் சிகிச்சை தொடங்கியது. பூஜப்புரையில் இருந்த சாட்டல்மண்ட் அரண்மனை மருத்துவக் கருவி ஆராய்ச்சிக் கூடமாயிற்று. 1980இல் பார்லிமெண்ட் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாக ஆக்கியது. ராணி வாழ்ந்த மாளிகையில் கடைசல் இயந்திரமும் சோதனைக் கூடமும் வந்தன. அரண்மனைகளுக்கு இதைவிட நல்ல கதி வேறில்லை.

அங்கே ஏன் இருதய வால்வு செய்யப் புறப்பட்டார்கள்? குழந்தைப் பருவத்தில் தொண்டைப் புண்ணாக வரும் ஒரு கிருமி, கவனிக்காமல் விட்டால் மூட்டுக் காய்ச்சலாகி, இருதய வால்வைத் தழும்பாக்கிவிடுகிறது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் வீடுகளில் பரவும் நோய் அது. பணக்கார நாடுகளில் நல்ல வீடும் பென்சிலினும் வந்தபின் அது பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. நம் நாட்டிலோ இருபது வயதிலேயே மூச்சு வாங்கும் ஏழைப் பெண்கள் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார்கள். வால்வுகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலையோ அவர்களுக்கு எட்டாது.

இருதயம் ஆண்டொன்றுக்குச் சுமார் 4 கோடி முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு ஒரு முறை திறந்து மூட வேண்டும். தேயக் கூடாது, முறியக் கூடாது, ரத்தம் அதில் உறையக் கூடாது, ரத்த அணுக்கள் அதில் அடிபட்டுச் சிதையக் கூடாது. எந்த லாரி எஞ்சினுக்கும் இவ்வளவு கடுமையான பரீட்சை கிடையாது. திருவனந்தபுரத்து விஞ்ஞானிகள் செய்த முதல் மூன்று மாதிரிகளும் இந்தப் பரீட்சையில் தேறவில்லை. ஆண்டுகள் போயின. லாபத்தைக் கணக்கிடும் கம்பெனியாக இருந்தால் முதல் தோல்வியிலேயே கடையைக் கட்டியிருக்கும். இங்கே பொதுப்பணம் பொறுத்திருந்தது. நான்காவது மாதிரி தேறியது. கோபால்ட்-குரோமியக் கலவை உலோகத்தில் சட்டம், மிகக் கடினமான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் சாய்ந்து திறக்கும் தட்டு, இருதயத்தோடு சேர்த்துத் தைக்கப் பாலியஸ்டர் துணியில் வளையம். முதலில் இயந்திரத்திலும் பிறகு ஆடுகளிடமும் சோதித்தார்கள். 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல் முறையாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். டி.டி.கே. கம்பெனி அதை உற்பத்தி செய்து விற்கிறது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. இறக்குமதி வால்வை விட விலை குறைவு. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். ஒரு லட்சம் நெஞ்சுகளில் அவர் குழுவின் உழைப்பு டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது.

குமாரபாளையத்து நெசவாளித் தோழர்கள் அந்தப் பாலியஸ்டர் வளையத்தைக் கவனிக்க வேண்டும். 1950களில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டாக்டர் மைக்கேல் டிபேக்கி, கடையில் வாங்கிய டாக்ரான் துணியைத் தையல் மிஷினில் தைத்துத்தான் செயற்கை ரத்தக் குழாய்களைச் செய்தார். தறியில் ஓடும் நூல்தான் இருதயத்துக்குள்ளும் ஓடுகிறது. ஆனால் அந்த நூலை நெய்கிறவன் நெஞ்சு வலித்தால் எங்கே போவது?

விலையைத் தின்றது யார்?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். இருதய ரத்தக் குழாய் அடைப்பைத் திறந்துவைக்கும் சின்னஞ்சிறு உலோக வலைக்கு ஸ்டென்ட் என்று பெயர். 2017 பிப்ரவரி வரை மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றின் சராசரி விலை சுமார் 1,21,000 ரூபாய். சாதாரண ஸ்டென்ட் சுமார் 45,000 ரூபாய். டில்லி ஹைக்கோர்ட்டில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஸ்டென்டைச் சேர்க்க வேண்டியதாயிற்று. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் கணக்கைத் திறந்து பார்த்தது. பிறகு உச்சவிலையை 29,600 ரூபாய், 7,260 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கும் அப்படியே செய்தது. சராசரி 1,58,324 ரூபாய்க்கு விற்ற கோபால்ட்-குரோமிய மூட்டு, ஒரே உத்தரவில் 54,720 ரூபாய்க்கு இறங்கியது.

ஒரு பேனாக் கோட்டில் மூன்றில் இரண்டு பங்கு விலை இறங்குகிறதென்றால், அதற்கு முந்தைய நாள்வரை அந்தப் பங்கு எங்கே போய்க்கொண்டிருந்தது? உலோகத்துக்கா? அதைக் கடைந்த தொழிலாளிக்கா? கண்டுபிடித்த விஞ்ஞானிக்கா? இல்லை. இறக்குமதியாளனுக்கும் விநியோகஸ்தனுக்கும் ஆஸ்பத்திரி முதலாளிக்கும் நடுவே அது பங்கு போடப்பட்டது. மயக்க மருந்து கொடுத்து மேஜையில் படுக்க வைத்தவனிடம் விலை பேசுவதைப் போன்ற சந்தை உலகில் வேறெங்காவது உண்டா?

உத்தரவு வந்ததும் கூக்குரல் எழுந்தது. உயர்ந்த ரகங்களைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அன்னியக் கம்பெனிகள் பயமுறுத்தின. சில ஆஸ்பத்திரிகள் வேறு கட்டணங்களில் அதை ஏற்றிக்கொள்கின்றன என்ற புகார்கள் வந்தன. அமெரிக்க மருத்துவக் கருவி முதலாளிகளின் சங்கம் தன் சர்க்காரிடம் முறையிட்டது. 2019 ஜூனில் அமெரிக்கா இந்தியாவுக்குத் தந்துவந்த வர்த்தகச் சலுகையை ரத்து செய்தபோது, இந்த விலைக் கட்டுப்பாடும் அதன் பின்னணியில் இருந்தது. நம் ஊர்க் கிழவியின் முழங்கால் மூட்டு வாஷிங்டன் வரை பேசப்பட்ட விஷயமாகிவிட்டது!

விலை ஒரு பக்கம் இருக்க, தரம் என்ன ஆயிற்று? ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிப்யூ கம்பெனியின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டில் உலோகமும் உலோகமும் உரசி, கோபால்டும் குரோமியமும் உடம்பில் கலந்தன. 2010இல் உலகெங்கும் அதைத் திரும்பப் பெற்றார்கள். நம் நாட்டில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அது பொருத்தப்பட்டிருந்ததாக மத்திய சர்க்காரின் நிபுணர் குழு கண்டது. நஷ்டஈட்டுக்கான கணக்கு வகுக்கப்படுவதற்கே 2018 ஆயிற்று. யார் யாருக்கு எந்த மூட்டு வைத்தார்கள் என்ற பதிவு ஒழுங்காக இல்லாததால், பலரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. லாரியின் எஞ்சின் நம்பரை எழுதிவைக்கும் நாடு, மனிதனின் இடுப்புக்குள் வைத்த இரும்பின் நம்பரை எழுதிவைக்கவில்லை.

பள்ளிபாளையத்தின் கேள்வி

2025 ஜூலையில் நம் ஜில்லாவின் பெயர் நாடெங்கும் பத்திரிகைகளில் அடிபட்டது. பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளிகள் கடனை அடைக்க வழியில்லாமல் தரகர்கள் மூலம் சிறுநீரகத்தை விற்ற செய்தி அது. மாநில சர்க்கார் விசாரணை நடத்தியது. ஆகஸ்டில் ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. உறுப்பு வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் 1994லேயே வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. கடன் வாசலில் நிற்கிறது.

இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம், பன்றியின் பித்தப்பையிலும் மாட்டின் தோலிலும் இருந்து மனிதனுக்கு மருந்து செய்யும் விஞ்ஞானம். மறுபக்கம், மனிதனையே மாட்டைப் போல அறுத்து உதிரிப் பாகம் எடுக்கும் சந்தை. விஞ்ஞானத்தால் இன்னும் சிறுநீரகம் செய்ய முடியவில்லை என்று மேலே சொன்னோம். அந்த இடைவெளியில்தான் தரகன் கடை விரித்திருக்கிறான். கந்துவட்டியிலும் நுண்கடனிலும் சிக்கிய குடும்பத்தைக் காப்பாற்றாமல் தரகனை மட்டும் பிடித்து ஜெயிலில் போட்டால், நாளை வேறு தரகன் வருவான். நாளைக்கே ஆராய்ச்சிக் கூடத்தில் சிறுநீரகம் விளைந்தாலும், அது தனியார் ஏகபோகமாக இருந்தால் தறித் தொழிலாளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவனுக்கு நோய் வந்தால் வாங்க முடியாது. இப்போதோ விற்க மட்டும் முடிகிறது.

இரண்டு வாதங்கள்

"லாபம் இல்லாவிட்டால் யார் கண்டுபிடிப்பார்கள்?" என்று ஒரு வாதம். திருவனந்தபுரத்து வால்வு இதற்கு வாயடைக்கும் பதில். சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகள், பொதுப்பணத்தில், மூன்று முறை தோற்று நான்காம் முறை வென்றார்கள். குர்கனிலும் லாபம் இருந்ததில்லை. தனியார் உற்பத்தியே கூடாது என்று நாம் இங்கே சொல்லவில்லை. மக்கள் பணத்தில் பிறந்த வித்தையைக் கையில் வாங்குகிறவன், மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலைக்குத் தர வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம். ரத்தப் பையையும் அதே நிலையத்தின் தொழில்நுட்பத்தை வைத்துத்தான் கேரளத்தில் ஒரு கம்பெனி செய்யத் தொடங்கியது. பிறகு ஜப்பானிய டெருமோ அதில் பங்கு சேர்ந்து, கம்பெனியே டெருமோ பென்போல் ஆயிற்று. பொது ஆராய்ச்சியின் கனி கடைசியில் யார் தோட்டத்தில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மற்றொரு வாதம் நம் தோழர்களிடமிருந்தே வருகிறது. "முதலில் பென்சிலினும் குடிதண்ணீரும் கொடுக்கட்டும், ஏழைக்குத் திசுப் பொறியியல் எதற்கு?" என்கிறார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. வால்வைச் செய்வதைவிட, பள்ளிக் குழந்தையின் தொண்டைப் புண்ணைக் கவனித்து வால்வு கெடாமல் காப்பது மேல். தீக்காயத்துக்குப் படலம் தேடுவதைவிட, கொப்பரையைச் சுற்றித் தடுப்பு வைப்பது மேல். ஓட்டுநரின் எலும்பைக் கூட்டுவதைவிட, அவரைத் தூங்கவிடாமல் ஓட்டச் சொல்லும் முதலாளியைத் தடுப்பது மேல். ஆனால் ஏற்கனவே வெந்தவனிடமும் முறிந்தவனிடமும் போய் "தடுப்புதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு வர முடியுமா? ஏழைக்குப் பென்சிலின், பணக்காரனுக்குத் திசு என்று விஞ்ஞானத்தைப் பங்கு பிரிக்க நாம் சம்மதிக்கக் கூடாது. இரண்டும் நமக்கு உரியவை, இரண்டையும் கேட்போம்.

நாம் கேட்பது

ஒன்று: ஸ்டென்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் வைத்தது போல, எலும்பு முறிவுக்குப் போடும் தகடு, ஆணி, திருகு எல்லாவற்றுக்கும் உச்சவிலை வைக்க வேண்டும். விலையை ஆண்டுக்கு 10 சதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று இப்போது விதி இருக்கிறது. முதல் விலையையே கொள்ளை விலையாக வைத்துவிட்டால் அந்த விதி யாருக்கு?

இரண்டு: பொது ஆராய்ச்சியில் பிறந்த காயப் படலங்களும் தீக்காயத் தகடுகளும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மூலம் மொத்தமாக வாங்கப்பட்டு, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். நாமக்கல்லில் 2022இல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே தீக்காயத்துக்கும் எலும்பு முறிவுக்கும் முழுமையான சிகிச்சை வேண்டும். பரமத்தி வேலூர் தாலூகா ஆஸ்பத்திரி அதற்கு வாசலாக அமைய வேண்டும். காப்பீட்டு அட்டையைக் காட்டித் தனியாரிடம் போ என்பது பொது ஆஸ்பத்திரிக்கு மாற்றாகாது; அந்தப் பணமும் மக்கள் பணம்தான்.

மூன்று: உடம்புக்குள் வைக்கும் ஒவ்வொரு பொருளின் பெயர், எண், விலை ஆகியவற்றைத் தமிழில் எழுதிய சீட்டு நோயாளியின் கையில் தரப்பட வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு வேண்டும்.

நான்கு: திருவனந்தபுரம், அடையாறு போன்ற பொது ஆராய்ச்சி நிலையங்களுக்குத் தாராளமாக நிதி வேண்டும். நம் உழைப்பாளிகளின் உடம்பை அளந்து, நம் வேலைக்கும் நம் உட்காரும் முறைக்கும் ஏற்ற மூட்டும் காலும் செய்யும் ஆராய்ச்சி வேண்டும்.

ஐந்து: விசைத்தறித் தொழிலாளிகளின் கடனுக்கு நிவாரணமும் நியாயக் கூலியும் வேண்டும். உடம்பை விற்காமல் வாழ முடிகிற கூலிதான் உறுப்பு வியாபாரத்துக்கு எதிரான முதல் சட்டம்.

மே 1ஆம் தேதி கிராம சபைகள் கூடுகின்றன. ரோட்டுக்கும் தெருவிளக்கிற்கும் தீர்மானம் போடும் அந்தச் சபைகளில், இந்தக் கோரிக்கைகளையும் எழுதி வைத்துப் பேச வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர், லாரித் தொழிலாளர், விசைத்தறித் தொழிலாளர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். தாலூகா ஆஸ்பத்திரிக்கு ஒரு தூதுகோஷ்டி போகட்டும். அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பட்டியல் எடுக்கட்டும். அந்தப் பட்டியல் சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் போய்ச் சேரும்படி செய்வது நம் பொறுப்பு. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, கடைமடைக்கு வந்து சேர வேண்டும் என்று எத்தனை முறை நாம் போராடியிருக்கிறோம்! விஞ்ஞானமும் அப்படித்தான். தலைமடையில் தண்ணீர் நிறைய ஓடுகிறது. கடைமடைக்கு வெட்டிக் கொண்டுவருவது நம் கையில் இருக்கிறது.